கேளாமல் குறைத்த வாட்

கணினி கட்டித் தரும் கடை ஒன்றை வைத்திருந்தவருக்கு அந்தத் தெருவில் முக்கால் அண்ணன் என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது, யாராக இருந்தாலும் கெட்டிக்காரர். டீ வந்தால் முக்கால் டம்ளர் குடித்துவிட்டு மீதியை அப்படியே வைப்பார். வயிற்றில் கால் பங்கைக் காலியாக விட்டுத்தான் சாப்பாட்டிலிருந்து எழுந்திருப்பார். ஸ்கூட்டரின் கைப்பிடியைக் கடைசிவரை முறுக்கிய நாள் அவர் வாழ்க்கையிலேயே கிடையாது. கடை மின்விசிறியின் ரெகுலேட்டரில் ஐந்து எண்கள் இருந்தன. நாலும் அஞ்சும் யாருக்காகப் போட்டிருக்கிறார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு" என்று நாளைக்கு நாலு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

அவருக்கு முழுப் பசி எடுப்பது ஒரே விஷயத்தில்தான். கணினிக்கு மூளையான பிராசசர்கள், அதுவும் இன்னும் கடைக்கே வராதவை! காலையில் ஷட்டரைத் தூக்கியதும், மற்றவர்கள் ராசிபலன் பார்ப்பது போல, அடுத்த வருஷம் வரப்போகும் பிராசசர் எத்தனை வாட் குடிக்கும் என்று தேடிப் படிப்பார். இருநூற்றைம்பது வாட் என்று எங்கேயாவது கசிந்திருந்தால், பெண் கொடுக்க இருந்த வீட்டில் மாப்பிள்ளை குடிகாரன் என்று கேள்விப்பட்டவர் போல நெற்றியில் கை வைத்துக்கொள்வார். பாதி மின்சாரத்தில் அதே வேலையைச் செய்யும் லேப்டாப் வரப்போகிறது என்றால், பிரிண்டர் மை வாங்க வந்தவரைக்கூட உட்கார வைத்து அந்த நல்ல செய்தியைச் சொல்லி அனுப்புவார்.

அவர் கட்சியில் நியாயம் இல்லாமல் இல்லை. பிராசசர் செய்கிற கம்பெனிகள், இது இவ்வளவு மின்சாரம் வரை இழுக்கலாம் என்று ஒரு எல்லை வைக்கின்றன. பட்டியலில் பக்கத்துக் கம்பெனியை ஒரு படி முந்துவதற்காக அந்த எல்லையை வருஷா வருஷம் ஏற்றிக்கொண்டே போகின்றன. கடைசி எழுபது எண்பது வாட்டில் கிடைக்கும் கூடுதல் வேகம் துளியூண்டு. அதற்கு வரும் சூடும் விசிறிச் சத்தமும் ஏராளம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இதுவரை சரி. சரியில்லாத காரியம் ஒன்றையும் அவர் எட்டு வருஷமாகச் செய்துவந்தார். கட்டி முடித்த ஒவ்வொரு மெஷினிலும் அந்த எல்லையைக் குறைத்துவிட்டுத்தான் ஒப்படைப்பார். இருநூறு வாட் போகக்கூடியது நூற்றிருபதோடு நிற்கும். வாங்குகிறவரிடம் மூச்சு விடமாட்டார். சொன்னால் வேண்டாம் என்பார்கள், அப்புறம் விளக்கி மாளாது என்பது அவர் நினைப்பு. "அண்ணன் கட்டின மெஷின் சூடே ஆகாதுப்பா" என்று நாலு பேர் சொல்லி, அந்த நாலு பேர் நாற்பது பேரை அனுப்பி, கடை வளர்ந்தது அப்படித்தான். போர்டைப் பார்த்து வந்தவர்கள் குறைவு. எல்லாரும் யாரோ ஒருவர் வார்த்தையை நம்பி வந்தவர்கள்.

யாராவது சந்தேகப்பட்டால் அவரிடம் ஒரு சாட்சி உண்டு. அவர் மனைவி. வீட்டிலிருந்தபடியே பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கும் டீச்சர். அந்த அம்மாளின் லேப்டாப்பையும் இருபத்தெட்டு வாட்டிலிருந்து பதினைந்துக்கு இறக்கித்தான் கொடுத்திருந்தார், வழக்கம்போலச் சொல்லாமல். "என் வீட்டுக்காரம்மா லேப்டாப்ப வந்து பாருங்க. மூணு வருஷமா பதினஞ்சு வாட்லதான் ஓடுது. தூங்குற குழந்தை மாதிரி, சத்தமே இருக்காது" என்பார்.

ஒருநாள் மதியம், குறும்படங்களை வெட்டி ஒட்டித் தரும் தாடிக்காரர் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்து மேசைமேல் பொத்தென்று வைத்தார். மெமரி கூட்டுவதற்காக செட்டிங் திரையைத் திறந்தவர், அங்கே நூற்றிருபதைப் பார்த்திருக்கிறார்.

"என்ன அண்ணே இது? நான் முழு பிராசசருக்குத்தானே காசு குடுத்தேன்? முக்கால்கூட இல்லையே!"

"தம்பி, கோவப்படாதீங்க. உங்க நல்லதுக்குத்தான். ரெண்டு விதமாவும் ஓட்டிக் காட்டறேன், நீங்களே பாருங்க."

தாடிக்காரரின் படம் ஒன்றையே எடுத்து, வீடியோவாக மாற்றும் வேலையைக் கொடுத்தார். நூற்றிருபது வாட்டில் பத்து நிமிஷம் ஐம்பது செகண்ட். சூடு எழுபத்தொரு டிகிரி. எல்லையை இருநூறுக்கு ஏற்றி மறுபடி ஓட்டியபோது சூடு தொண்ணூற்று நாலுக்குப் போனது, விசிறி அலறியது. பத்து நிமிஷத்தில் முடிந்தது.

"பாத்தீங்களா? இவ்வளவு கூத்தும் வெறும் அம்பது செகண்டுக்கு!" முக்கால் அண்ணன் ஜெயித்துவிட்ட முகத்தோடு நாற்காலியில் சாய்ந்தார்.

தாடிக்காரர் விரல் விட்டு எண்ணினார். "ஒரு நாளைக்கு இந்த மாதிரி பன்னெண்டு ஓட்டறேன். அப்போ பத்து நிமிஷம். என் பொண்ண ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வர தினமும் பத்து நிமிஷம் லேட்டாத்தான் போறேன். ஸ்கூல் வாசல்ல காத்துக்கிட்டு நிக்கிறா அவ. அது என் பத்து நிமிஷம் அண்ணே. அதுல கை வைக்க நீங்க யாரு? வெட்டி ஒட்டற ஆளுங்க நாங்க நாப்பது பேரும் ஒரே குரூப்லதான் இருக்கோம். இந்தத் திரைய போட்டோ எடுத்து வச்சிருக்கேன். போட்டா என்ன ஆகும் தெரியுமா?"

தெரியும். எட்டு வருஷத்துப் பேர் ஒரு சாயங்காலத்தில் போய்விடும். நீரில் மூழ்குகிறவன் கையில் கிடைத்ததைப் பிடிப்பான். முக்கால் அண்ணன் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"லேப்டாப்ப எடுத்துக்கிட்டு கொஞ்சம் கடைக்கு வாயேன்."

பத்து நிமிஷத்தில் அந்த அம்மாள் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"என்னங்க, என் லேப்டாப்ப எதுக்குங்க இதுல இழுக்கறீங்க? வேணாமே."

"அட, குடு! தம்பி கண்ணால பாக்கட்டும். வீட்லயே அப்படித்தான் வச்சிருக்கேன்னு தெரிஞ்சா நம்புவாரு." வாங்கித் திறந்து, எல்லை இருக்கும் திரைக்குப் போய், தாடிக்காரர் பக்கம் பெருமையாகத் திருப்பினார். "படிங்க தம்பி."

தாடிக்காரர் படித்தார். "இருபத்தெட்டு."

முக்கால் அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இருபத்தெட்டேதான்.

"யாரு மாத்துனது?"

"நான்தான்" என்றார் மனைவி. "கோணம், வட்டம்னு வரையும்போதெல்லாம் திணறிச்சு. தேடிப் படிச்சேன், ஏத்திட்டேன்."

"எப்போ?"

"நீங்க குடுத்த மறுநாளே."

மூன்று வருஷம்! ஊரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டிய அமைதி, அவர் குறைத்ததால் வந்ததே இல்லை. பாடம் எடுப்பது பிராசசருக்குச் சின்ன வேலை. அவ்வப்போது ஒரு மூச்சு வேகமாக இழுத்துவிட்டு அதுபாட்டுக்குச் சும்மா கிடந்திருக்கிறது.

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"குறைச்சப்போ நீங்க என்கிட்ட சொன்னீங்களா?"

தாடிக்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. மூன்று வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அது ஒன்று மட்டுமில்லை என்று அந்த முகம் சொன்னது. முக்கால் அண்ணனுக்கு அது புரிந்தது. மேசை மேலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அதைக் கீழே வைத்துவிட்டுத் தாடிக்காரர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எத்தனை வாட் வேணும் தம்பி?" எட்டு வருஷத்தில் அவர் ஒருவரிடமும் கேட்காத கேள்வி.

தாடிக்காரர் யோசித்தார். "படம் மாத்தும்போது முழுசா இருக்கட்டும் அண்ணே. குரல் பதியும்போது விசிறி சத்தம் மைக்ல விழுது, அப்போ உங்க நூத்திருபதுதான் நல்லது. எப்படி மாத்தறதுன்னு சொல்லிக் குடுங்க, நானே மாத்திக்கறேன்."

"சொல்லித் தரேன். இதுவரைக்கும் வாங்குன எல்லாருக்கும் நானே போன் பண்ணி உண்மையச் சொல்லிடறேன். எனக்கு நாலு நாள் குடுங்க."

தாடிக்காரர் போனை எடுத்து அந்தப் போட்டோவை அழித்தார். எல்லையை மாற்றும் விதத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கணினியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பள்ளிக்கூடம் விடும் நேரம் ஆகியிருந்தது.

மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் கழுத்தை ஒற்றிக்கொண்டிருந்தார். விசிறி மூன்றில் சுற்றிக்கொண்டிருந்தது. முக்கால் அண்ணன் எழுந்து ரெகுலேட்டரிடம் போனார். அதில் கை வைத்தபடி நின்றார்.

"எதுல வைக்கட்டும்?"

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம்.

"அஞ்சுல."

அஞ்சில் வைத்தார். மேசையிலிருந்த ரசீதெல்லாம் பறந்து கடை முழுக்கச் சிதறியது. குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்.