கன்ட்ரோல் அண்ணன்

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் அவரைக் கன்ட்ரோல் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடமாக மனிதத் திசுவை மெல்லியதாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, ஆன்டிபாடியைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். புற்றுநோய்ப் புரதம் இருந்தால் ஆன்டிபாடி அதைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். சாயம் போட்டதும் அந்த இடம் பழுப்பாகும். ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும், நோய் உறுதியான வேறொருவரின் திசுவையும் வைப்பார். அதுதான் கன்ட்ரோல். அதில் நிறம் ஏறாவிட்டால் சோதனையே செல்லாது.

ஒருநாள் அவருடைய கழுத்துக் கட்டியின் துண்டே அங்கு வந்தது. அதே ஆய்வகத்தில் வேலை பார்த்த மகள்தான் சோதனையைச் செய்தாள். மைக்ராஸ்கோப்பில் பார்த்ததும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்பா, ஒண்ணுமே இல்லப்பா. சுத்தமா இருக்கு."

அவர் குனிந்து பார்த்தார்.

"கன்ட்ரோலும் சுத்தமாத்தாம்மா இருக்கு. அந்தாளு செத்து ஏழு வருஷமாச்சு. இப்பப் போய்க் குணமாயிட்டானா?"

பதற்றத்தில் ஆன்டிபாடி விட மறந்திருந்தாள்.

"இன்னைக்கு ஒரு நாள் இப்படியே இருக்கட்டுமேப்பா."

"போடும்மா. டாக்டர் காத்துட்டிருக்காரு."

மறுபடியும் போட்டாள். முடியும்வரை அவர் பக்கத்து ஸ்டூலைவிட்டு எழவில்லை. இந்த முறை ஓரத்துத் துண்டு பழுப்பாகியிருந்தது. நடுவில் இருந்த அவருடையதும்தான்.

அவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தார்.

"நல்லா ஏறியிருக்கு" என்றார்.

முப்பது வருடத்தில் அவர் யாரையும் அதற்கு மேல் பாராட்டியதில்லை.