இருநூற்றுப் பதினாலாம் இடம்

என் அக்கா வீட்டுக்காரருக்கு எதையும் சும்மா பார்க்கத் தெரியாது. பார்த்தவுடன் அதற்கு ஓர் எண் கொடுத்துவிட வேண்டும். தெருவில் மூன்று முடிதிருத்தும் கடைகள் இருந்தால் முதலாவது எது, மூன்றாவது எது என்று அவரிடம் கேட்டுக்கொள்ளலாம். பேருந்தில் எந்த இருக்கை முதல் தரம், எந்தப் பல் மருத்துவர் இரண்டாம் தரம், சொந்தக்காரர்களில் யார் கடைசி, எல்லாம் தயாராக வைத்திருப்பார். கடைசி யார் என்று ஒருநாள் நான் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். “அதை உன்கிட்டயே எப்படிம்மா சொல்றது?” என்றார். இந்த மனிதரோடு இருபத்திரண்டு வருடமாகக் குடும்பம் நடத்தும் என் அக்காவுக்குச் சிலைதான் வைக்க வேண்டும்.

அத்தான் நடத்துவது பிரேம் கடை. பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், ஒரு நீள அறை. முன்னால் பச்சைத் துணி விரித்த மேசை. பின்னால் மரத்தூள், பசை வாசனை, சுவரில் சாய்த்து வைத்த கண்ணாடித் தகடுகள். சுற்றுவட்டாரம் முழுக்க வக்கீல்களும் டாக்டர்களும் அலுவலகம் வைத்திருப்பதால், குடும்பப் படங்களைவிடப் பட்டச் சான்றிதழ்கள்தான் அவரிடம் அதிகம் வரும். அடுத்தவர் படித்து வாங்கிய பட்டங்களைப் பத்தொன்பது வருடமாகக் கண்ணாடிக்குள் அடைத்து அடைத்து, பல்கலைக்கழகங்களைப் பற்றி அவருக்குத் தனி ஞானம் பிறந்துவிட்டது. அவர் படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. ஞானத்துக்கு அதெல்லாம் தேவையா என்ன?

சான்றிதழைக் கையில் வாங்கியதும் முதலில் தாளை விரலால் தடவுவார். அடுத்து முத்திரையைப் பார்ப்பார். எழும்பி நிற்கும் முத்திரை என்றால் நல்ல இடம். சும்மா அச்சடித்த முத்திரை என்றால் சுமார். கையெழுத்து மூன்று இருந்தால் மரியாதை, ஒன்றுதான் என்றால் உதட்டைப் பிதுக்குவார். கடைசியாக, கொண்டுவந்த ஆள் எந்தச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்று கவனிப்பார். நாட்டிலேயே முதலிடம் என்று எல்லோரும் சொல்லும் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் அகலமான தேக்குச் சட்டமும் உள்ளே தங்கக் கோடும் கேட்பார்களாம். அத்தான் அதற்குப் பெயரே சொல்ல மாட்டார். “நம்பர் ஒன்” என்பார், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி. அந்தச் சான்றிதழைத் தொடுவதற்கு முன் மட்டும் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். எங்கள் வீட்டில் சாப்பிட உட்காரும்போது ஒருநாளும் அவர் சோப்பைத் தேடி நான் பார்த்ததில்லை.

அக்காவுக்கு ஒரே பெண். நன்றாகப் படிப்பாள், நன்றாகச் சண்டையும் போடுவாள், இரண்டும் எங்கள் பக்கத்து ரத்தம். பள்ளி விட்டதும் கடைக்கு வந்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அப்படி ஒரு நாள் ஒரு பெண்மணி கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து பிரேம் போடச் சொன்னாராம். கோணல்மாணலாக ஒரு பெயர் எழுதியிருந்தது, அவ்வளவுதான். வாய் பேச வராத ஆறு வயதுக் குழந்தை ஒன்று அவரிடம் பயிற்சிக்கு வந்து, ஒன்றரை வருடம் கழித்து முதன்முதலாக அவர் பெயரைச் சொல்லி, சொன்ன கையோடு எழுதியும் கொடுத்ததாம். அத்தான் அந்தத் தாளைத் தடவிப் பார்த்தார். முத்திரை இல்லை. கையெழுத்தும் இல்லை.

“உங்க சர்டிபிகேட்டுக்கும் ஒண்ணு போட்டுடலாமா மேடம்?”

“அது எங்கேயோ ஃபைலுக்குள்ள கிடக்கும், யாரு தேடறது?”

அத்தானுக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. எந்த யுனிவர்சிட்டி என்று விசாரித்து, அன்று மாலையே பல்கலைக்கழகங்களின் தரவரிசைப் பட்டியலில் தேடினார். இருநூற்றுப் பதினாலாம் இடம். “அதான் ஃபைல்ல கிடக்குது” என்றார், எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி.

ஆனால் பெண் அந்த அம்மாவின் விலாசத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். நாலைந்து முறை அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாள். பேச்சுப் பயிற்சிதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பேச்சு வராத குழந்தைகள், பக்கவாதம் வந்து பேச்சை இழந்த பெரியவர்கள், இவர்களுக்குப் பேச்சைச் சொல்லிக்கொடுக்கும் படிப்பு. அந்த இருநூற்றுப் பதினாலில்தான் அதற்குச் சொந்தமாக மருத்துவமனைப் பிரிவே இருக்கிறது. முதல் வருடத்திலிருந்தே நோயாளிகளோடு உட்கார வைப்பார்களாம்.

அத்தான் வாக்குவாதம் செய்யவில்லை. அட்டவணை போட்டார். படத்தைச் சுற்றி ஓரம் வைக்க வெட்டி மிச்சமான மவுண்ட் அட்டையில், ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, இருபது பல்கலைக்கழகங்கள். மூன்று நிறுவனங்கள் மூன்று விதமாகப் பட்டியல் போட்டிருந்தன. ஒன்றில் நம்பர் ஒன்னே ஏழாவதாக இருந்தது. அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்களுக்கு மூளை பிசகிவிட்டது என்று முடிவு செய்து அதை மட்டும் அடித்துவிட்டார். மீதி இரண்டுக்கும் சராசரி எடுத்தார். அடுத்த கட்டத்தில் தொடங்கிய வருடம். அதற்கடுத்ததில் எத்தனை மந்திரிகள் அங்கே படித்தார்கள் என்பது. கடைசிக் கட்டத்தில் சான்றிதழின் நீள அகலம், அங்குலக் கணக்கில். இந்த ஒரு விவரம் மட்டும் உலகத்தில் வேறு யாரிடமும் கிடைக்காது என்று பெருமை வேறு.

“என்ன படிப்புன்னு ஒரு கட்டம் இல்லையே அத்தான்?” என்றேன்.

“அதெல்லாம் உள்ள போயிட்டுப் பாத்துக்கலாம்மா. முதல்ல வாசல் எந்த வாசல்னு பாரு.”

“அப்பா, பிரேம் போடறவங்க மட்டும்தான் உங்க கடைக்கு வர்றாங்க. மத்தவங்கெல்லாம்?” என்றாள் பெண்.

“மத்தவங்க வீட்ல மாட்டறதுக்கு ஒண்ணும் இல்லை போல.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த மூன்று வாரமும் எனக்குப் பொழுதுபோக்கே அதுதான். அட்டையைப் பார்த்துவிட்டு, “முத்திரை நம்பர் மூணுலதான் நல்லா எழும்பியிருக்கு, யோசிச்சு முடிவு பண்ணுங்க” என்பேன். அவர் கிண்டல் என்று தெரியாமல் பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு போவார். வேலைக்குப் போன இடத்தில் எல்லாரிடமும் இதைச் சொல்லிச் சொல்லி மானத்தை வாங்கினேன். மானம் அவருடையது என்பதால் எனக்கு ஒன்றும் குறையவில்லை.

எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம், அதில் மூன்று இடங்களை வரிசையாகப் போடலாம். மேலே இருப்பது கிடைத்துவிட்டால் கீழே இருப்பவை தானாகக் கழன்றுவிடும். ஒரு தரம் அனுப்பினால் மாற்ற முடியாது. அத்தான் போட்ட வரிசை: நம்பர் ஒன், நம்பர் மூன்று, பெண்ணின் ஆசைக்காக மூன்றாவதாக இருநூற்றுப் பதினாலு. நம்பர் ஒன்னில் பேச்சுப் பயிற்சி கிடையாது. மொழியியல் இருந்தது. “மொழின்னாலும் பேச்சுன்னாலும் ஒண்ணுதானே? பேரு கூட இன்னும் கம்பீரமா இருக்கு” என்றார். பெண் அழுதாள், கத்தினாள், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அக்கா நடுவில் புகுந்து இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அத்தான் அசையவில்லை. “என் பொண்ணு நல்லதுக்குத்தானே சொல்றேன்” என்றபோது அவர் குரல் உடைந்தது. அதுதான் எரிச்சல். கெட்ட மனுஷராக இருந்திருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறேன். கடைசித் தேதியன்று மதிய இடைவேளையில் பெண் அங்கே வந்தாள். என் கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தைத் திறந்து எல்லாம் நிரப்பினாள். வரிசை வந்ததும், அப்பா சொன்னதைத் தலைகீழாக்கினாள். இருநூற்றுப் பதினாலு மேலே, நம்பர் ஒன் கீழே. கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“சித்தி, இப்படியே அனுப்பிடட்டுமா? அப்பாகிட்ட நீங்க பேசிக்குவீங்களா?”

காத்திருக்கும் அறையில் யாரும் இல்லை. உள்ளே எங்கள் டாக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய நம்பர் மூன்று பட்டம் என் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது, அத்தான் போட்ட சட்டம்தான். நான் திரையைப் பார்த்தேன். கீழே நம்பர் ஒன்னின் பெயர் முழுசாக எழுதியிருந்தது. எங்கள் வீட்டுப் பெண்ணின் பெயரும் அந்தப் பெயரும் ஒரே பக்கத்தில்.

“அப்பா சொன்ன மாதிரியே போட்டுடு கண்ணு. வீட்ல நிம்மதியா இருக்கும்” என்றேன்.

அவள் வரிசையை மாற்றினாள், பொத்தானை அழுத்தினாள், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குடும்ப நிம்மதிக்காகத்தான் சொன்னேன் என்று நானும் நம்பிக்கொண்டேன்.

நம்பர் ஒன்னில் இடம் கிடைத்துவிட்டது.

அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் கண்ணாடி வெட்டுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார். முகவரி கேட்டு வந்த ஒரு கூரியர்காரரைக்கூட விடவில்லை. நானும் டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் புருவத்தைத் தூக்கிவிட்டு, “ஓ, அங்கேயா?” என்றார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் அறையில் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

பெண் மட்டும் சிரிக்கச் சொன்னால் சிரித்தாள். பாடத்திட்டப் புத்தகம் வந்தபோது அதைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். பிரித்துப் படித்தவர் அத்தான்தான். அவருக்கு எதையும் ஓரம் முதல் ஓரம் வரை அளந்து பார்க்காவிட்டால் தூக்கம் வராது. இலக்கணக் கோட்பாடு, ஒலி மாற்றம், பழைய கல்வெட்டு என்று நூற்று எண்பது பக்கம். நோயாளி என்ற சொல்லை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினார். கிடைக்கவில்லை. மறுபடியும் தேடினார்.

மறுநாள் கடையைப் பூட்டினார். காய்ச்சலில் கிடந்தபோதுகூடப் பூட்டாத கடை. ஐந்து மணி நேரம் பேருந்தில் போய் இருநூற்றுப் பதினாலில் இறங்கி, மகளுடைய மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்தில் நின்றிருக்கிறார். முதல் விருப்பமாகப் போட்டவர்களை வைத்தே இடமெல்லாம் நிரம்பிவிட்டது என்றார்களாம். “உங்க பொண்ணு எங்களை மூணாவதாப் போட்டிருக்காங்களே சார்” என்று அங்கிருந்த குமாஸ்தா கேட்டதை எங்களிடம் சொல்லும்போது அவரால் தலையைத் தூக்க முடியவில்லை. அந்த இடம் தன் மகளை வேண்டாம் என்று சொல்லக்கூடும் என்பதற்கு அவருடைய அட்டவணையில் கட்டமே இல்லை.

அவர் திரும்பி வந்த மறுநாள் மாலை எல்லாரும் கடையில் இருந்தோம். அவர் முன்மேசையில் உட்காரவில்லை, மரத்தூளுக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டார்.

“வராந்தால ஒரு கதவு, கண்ணாடி போட்டது. உள்ள ஒரு பெரியவர், என் வயசுதான் இருக்கும், வாய் ஒரு பக்கமா இழுத்திருந்துச்சு. எதிர்ல ஒரு பொண்ணு, நம்ம பாப்பா மாதிரி. ‘தண்ணி’ங்கற ஒரு வார்த்தைக்கு முக்கால் மணி நேரம் உக்காந்திருந்துச்சும்மா அந்தப் பொண்ணு. அவருக்கு வரவேயில்லை. அது கோபப்படவும் இல்லை, கடிகாரத்தைப் பாக்கவும் இல்லை.” தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். “நான் இத்தனை நாளா காகிதத்தைத் தடவிட்டு இருந்திருக்கேன்.”

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெண் அப்பாவின் பக்கத்தில் போய்த் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“என் தப்புதான் பாப்பா. நம்பர் ஒன்னுக்கு வேண்டாம்னு எழுதிப் போட்டுடு. ஒரு வருஷம் தானே, போகட்டும். அடுத்த தடவை ஒரே ஒரு பேர் போடு. யாரு என்ன சொன்னாலும் அப்பா பாத்துக்கறேன்.”

அவள் அழுதாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை. அப்பாவின் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, “எழுதிடறேன்பா” என்றாள். ஒரு மனிதர் தன் ஆயுளில் கட்டி வைத்திருந்த ஒரே கோட்டையைத் தன் கையாலேயே இடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். யாராவது அவர் தோளைத் தட்டிக் கொடுத்திருக்க வேண்டிய நேரம்.

அந்த நேரத்தில்தான் ஒரு குரல் கேட்டது. “பைத்தியமா உங்களுக்கெல்லாம்? நம்பர் ஒன்ல கிடைச்ச இடத்தைப் போய் யாராவது வேண்டாம்பாங்களா? நான் டாக்டர்கிட்ட எல்லாம் சொல்லிட்டேனே!”

குரல் என்னுடையது.

அக்கா என்னை வெறித்துப் பார்த்தாள். அத்தான் புரியாமல் நிமிர்ந்தார். பெண் தலையைத் தூக்கவில்லை. கோபம்கூட இல்லாத குரலில் சொன்னாள்.

“அன்னிக்கும் நீங்க இதுக்காகத்தானே சொன்னீங்க, சித்தி?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. வெட்கத்தில் காது வரை சுட்டது. அத்தான் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை என் பக்கமாக நகர்த்திப் போட்டார்.

“உக்காரும்மா” என்றார்.