ஐந்தாம் நம்பர் அறை

என் மருமகள் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பொம்பளை பார்த்தாலும் அந்த வேலைக்குப் பெயர் அதுதான். மகன் திருப்பூரில் இருக்கிறான். வீட்டில் நானும் அவளும் மட்டும்.

எட்டு அறைகள் அவள் பொறுப்பு. காலையில் கலக்கிய வெடிமருந்தை அன்றைக்கே தீர்க்க வேண்டும். மிஞ்சினால் நிறையத் தண்ணீர் ஊற்றி, அறையைக் கழுவிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ராத்திரி தங்கிய மருந்து லேசான ஈரத்தைக் குடித்துத் தானாகவே சூடேறிக் கிடக்கும். காலையில் யார் முதலில் கை வைக்கிறாரோ, அவரோடு வெடித்துப் போகும். காலையில் அறைகளைத் திறப்பதும் அவள்தான்.

நானும் முப்பது வருஷம் அங்கே காகிதக் குழாய் சுற்றினேன். வீட்டுக்கு வந்தால் கைவலி மட்டும்தான் கூட வரும். அவளுக்கு எட்டு அறையும் கூட வந்தன.

தீபாவளி சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் லோடு ஏறும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாய்க்குப் போகாது. "அஞ்சாம் நம்பர்ல மருந்துத் தட்டைக் கழுவுனேனா அத்தை?" என்று என்னிடம் கேட்பாள். நான் என்னத்தைக் கண்டேன்?

கம்பெனியில் ஓர் அம்மாவை வரவழைத்து வகுப்பு வைத்தார்களாம். வேலையைக் கம்பெனி கேட்டோடு விட்டுவிடுங்கள், வீட்டில் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுங்கள் என்றாராம்.

"மூடிப் பாத்தியா?"

"பாத்தேன். உள்ளயும் அஞ்சாம் நம்பர் ரூம்தான் தெரியுது. ஒரு நா லீவு கேட்டதுக்கு, அதுக்கும் மூச்சை இழுத்து விடச் சொல்றாக."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

"வந்ததும் வாசல்ல நின்னு ஒவ்வொரு ரூமாச் சொல்லு. நான் கேட்டுக்கிடுதேன். அதுக்குப் பெறகு அது என் பாடு" என்றேன்.

மறுநாளே தொடங்கினாள். "ஒண்ணாம் நம்பர் கழுவியாச்சு." "கேட்டுக்கிட்டேன்." இப்படி எட்டு வரைக்கும். நாலைந்து நாளில் சாப்பிட ஆரம்பித்தாள். தூங்கினாள். அரிசியில் கல் பொறுக்கும்போது எட்டு அறையும் என் தலைக்குள் ஓடும். ஓடட்டும் என்று விட்டேன். உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

ஒருநாள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் மூச்சுவிடாமல் எட்டையும் சொல்லிவிட்டுக் குளித்தாள். வெளிச்சம் மங்கும் முன்னே படுத்துத் தூங்கிவிட்டாள். அவள் சேலையை அலச எடுத்தேன். தினமும் அறை கழுவிய தண்ணீரில் ஓரம் ஒரு சாண் நனைந்திருக்கும். அன்று முழுக்கக் காய்ந்திருந்தது.

எழுப்பினால் தூக்கம் போய்விடும். எழுப்பாவிட்டால் காலையில் அவளே போய்த் திறப்பாள்.

ஆம்பளைகளிடம் நின்று பேசி எனக்குப் பழக்கமில்லை. முப்பது வருஷமும் அந்த கேட்டைத் தலை குனிந்தே கடந்தேன். அன்று ஓடினேன். வாட்ச்மேன் தூரத்து முறையில் எனக்குக் கொழுந்தன்.

"என்ன மதினி, இந்த வயசுல ஓவர்டைம் பாக்க வந்தீகளா?"

"வெளிச்சம் இருக்கும்போதே ரூமையெல்லாம் ஒரு எட்டு பாத்துட்டு வாங்க."

"மருமக மேல அம்புட்டு நம்பிக்கையாக்கும்?"

அந்தச் சேலை என் கையிலேயே இருந்தது. நீட்டினேன். ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க வாசல் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து எடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது.

"அஞ்சாம் நம்பர்ல அரைத் தட்டு இருந்துச்சு. தண்ணிய ஊத்திட்டேன்."

"அவகிட்டச் சொல்லாதீக."

"சொல்லாம எப்படி மதினி? தினமும் நீங்க சேலையத் தூக்கிட்டு ஓடி வருவீகளா?"

காலையில் வாட்ச்மேன் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் அவள் வாசலில் நிற்காமல் உள்ளே போனாள்.

"சொல்லு தாயி, ஒண்ணாம் நம்பர்..."

"வேணாம் அத்தை. ஒங்ககிட்ட சொல்லணும், சொல்லணும்ங்கற நெனப்புலயே பாக்காம வந்துட்டேன்."

தட்டின் முன் உட்கார்ந்தாள். இடது கைவிரல்கள் மடியில் ஒவ்வொன்றாக மடங்கி விரிந்தன. எட்டு முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. சோறு காய்ந்தது.

மறுபடியும் லீவு கேட்டாள். சீசன் முடியட்டும் என்றார்கள்.

இப்போது சாயங்காலமானால் நான் கேட்டில் போய் நிற்கிறேன். பெண்கள் கூட்டமாக வெளியே வருவார்கள். கடைசி ஆளாக அவள் வருவாள். முதலில் சேலை ஓரத்தைப் பார்ப்பேன். அப்புறம்தான் முகம்.