மாம்பலகைத் தரையில் சிவந்த கோலம்

எங்கள் வீட்டுப் பின்னறையில் பலகைத் தரை போட்டவன் நான்தான். வேறு எதையும் நான் இப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. மைசூர் மண்டி மொஹல்லாவில் எனக்கு வெற்றிலைக் கடை. படிப்பு நான்காம் வகுப்போடு சரி. வாடிக்கைக்காரர் முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சப்பட்டு, வெற்றிலையைப் பார்த்தே பேசுகிறவன். ஆனால் அந்தத் தரையைப் பற்றி யாராவது கேட்டால், கடையைப் பாதியில் விட்டுவிட்டுக் கூட்டிப்போய்க் காட்டுவேன்.

என் மனைவிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அது போகும்போது முழங்கால்களில் வலியை விட்டுவிட்டுப் போயிற்று. எங்கள் வீட்டுத் தரை முழுக்கக் கல். மழை பிடித்தால் கல்லில் ஈரம் கசியும். அதில் உட்கார்ந்தால் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. சாப்பாடு முக்காலியில், வெற்றிலை அடுக்குவது நின்றபடி என்று ஆயிற்று. வாசல் கோலத்தையும் விட்டுவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் எங்கள் வாசலுக்கும் சேர்த்து இரண்டு இழை இழுத்துவிட்டுப் போவாள். என் மனைவி அதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு உள்ளே போவாள். அவளை எப்படியாவது மறுபடி தரையில் உட்காரவைத்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்தது.

மரத்தில் குளிர் ஏறாது என்பது கடையில் நான் உட்காரும் பலகையாலேயே எனக்குத் தெரியும். மனைவியின் தம்பி ஜட்கா என்கிற குதிரை வண்டி கட்டும் பட்டறையில் தச்சன். அவனிடம் சொன்னேன்.

"தரைக்குப் பலகையா? பேசாம ஒரு ஜட்காவை வாங்கி அதுக்குள்ள அக்காளைக் குடி வெச்சிருங்க மச்சான். கூரையும் சேந்தே வந்துரும்."

"நீ பலகையை மட்டும் அறுத்துக் குடு. ஆணியை நான் அடிச்சுக்கறேன்."

"எது ஆணி, எது வெரல்னு பாத்து அடிங்க."

தேக்குக்கு வசதியில்லை. பட்டறைக் கொட்டகையில் வெகுநாளாகக் காய்ந்து கிடந்த மாமரத்தை எடுத்தோம். முழத்துக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் பலகைகள் வந்தன. அடிப்பக்கம் முழுக்கத் தார் பூசினேன். கல்லின்மேல் சட்டங்களைக் கிடத்தி, கரையானுக்காக இடையே வேப்பம்புண்ணாக்கைத் தூவி, காற்றுப் போக வெளிச்சுவரில் ஓட்டைகள் விட்டேன். முதல் பலகையை மட்டும் மைத்துனன் வைத்துக் காட்டினான். அகலப் பலகை மழையில் உப்பும், அதனால் இரண்டு பலகைக்கு நடுவே ஒரு காலணாக் காசு நுழையும் அளவு சந்து விட வேண்டும் என்றான். மற்றதெல்லாம் நானே. காலணாவைச் சந்தில் நிறுத்தி, பலகையைத் தட்டிச் சேர்த்து, ஆணி அடித்து, காசை உருவி அடுத்த சந்துக்குப் போவேன். ஆணித் தலைகளை உள்ளே தட்டி, அரக்கில் மரத்தூளைக் குழைத்து அடைத்தேன். பிறகு கண்ணாடிச் சில்லால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்தேன். வெறுங்கால் வைத்தால் வழுவழுவென்று இருந்தது.

ஆனால் மாம்பலகை சோகை பிடித்தாற்போல் வெளுத்துக் கிடந்தது. சாயத்துக்கு வேறெங்கும் போகவில்லை. வெற்றிலையோடு சேர்த்து மெல்ல என் கடையில் விற்கும் காசுக்கட்டியையே எடுத்தேன். இரும்புச் சட்டி நிறத்தைக் கறுக்கடித்துவிடும் என்று, பட்டறையில் மண்சட்டியில் போட்டுக் காய்ச்சினேன். துணியில் நனைத்து, மரத்தின் ரேகை போகும் பக்கமாகவே இழுத்துத் தேய்த்தேன். ஒரு பூச்சு காய்ந்தபின் இன்னொன்று. கடைசியில் அறை முழுவதும் திட்டு இல்லாமல் தேக்கு நிறத்துக்கு வந்துவிட்டது. இனி நன்றாக உலரவிட்டு ஆளிவிதை எண்ணெய் ஏற்றினால் வேலை முடிந்தது.

எண்ணெய் வாங்கிக்கொண்டு மைத்துனனும் நானும் வந்தபோது அறைக் கதவு திறந்திருந்தது. தரையின் நடுவே பெரிய சிக்குக் கோலம். வெள்ளை இழைகள் காய்ந்து உதிர்ந்திருந்த இடங்களில், அடியில் மரம் செக்கச்செவேலென்று தெரிந்தது.

"எதுல போட்ட?" என்றேன் மனைவியிடம்.

"புதுத் தரையில கோலமில்லாம எப்படிப் பொழங்கறதுங்க? மாவு இல்ல. கடைச் சுண்ணாம்பைக் கரைச்சுப் போட்டேன்."

மைத்துனன் தலையில் கை வைத்துக்கொண்டான். "வெத்தலைக்காரர் பொண்டாட்டி நீ. காசுக்கட்டியில சுண்ணாம்பு பட்டா செவக்கும்னு தெரியாதா அக்கா?"

"வாய்க்குள்ள செவக்கும்னு தெரியும்டா. தரைக்குப் பூசுனது காசுக்கட்டின்னு எனக்கு ஆரு சொன்னா? பட்டறையில ஒளிச்சு வெச்சுக் காய்ச்சினா எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் கண்ணாடிச் சில்லை எடுத்துக் குனிந்தான். சுரண்டிவிட்டு மறுபடி பூசலாம் என்றான். நான் கோலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இழைகூடத் தப்பவில்லை. அவசரமாகப் போட்ட கோலம் இல்லை அது.

"இத்தனையும் உக்காந்தா போட்ட?"

"நின்னுக்கிட்டு எப்படிங்க போடறது? உக்காந்துதான்."

"எந்திரிச்சது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சும்மாத்தான் எந்திரிச்சேன். செவுத்தைக்கூடப் புடிக்கல."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது போலும். குனிந்து தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"கண்ணாடியைக் கீழ வை," என்றேன் மைத்துனனிடம். என் குரல் அவ்வளவு ஓங்கி வந்ததில் அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"மச்சானுக்குச் சத்தமெல்லாம் வருது," என்று சொல்லிவிட்டு எண்ணெய்த் தகரத்தைத் திறந்தான்.

உதிர்ந்த சுண்ணாம்பை மெல்லத் துடைத்துவிட்டு, கோலத்தின் மேலேயே எண்ணெய் ஏற்றினேன். எண்ணெய் பட்டதும் தரை ஆழ்ந்த நிறம் கொண்டது. கோலம் மாதுளை முத்தைப் போல் எழுந்து நின்றது. நான் ஆயிரம் பூச்சுப் பூசியிருந்தாலும் அந்தச் சிவப்பு வந்திருக்காது.

பக்கத்துத் தெருக்காரர்கள் பார்க்க வந்தார்கள். அரண்மனைக்கு ஜட்கா ஓட்டுகிற ஒருவர் செருப்பை வெளியே விட்டு, உள்ளே வந்து, கோலத்தை மிதிக்காமல் சுற்றி நடந்தார். இந்தச் சாயம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். கடைக்கு வரச் சொன்னேன், அவர் முகத்தைப் பார்த்தே.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலம் முழுக்க அவள் அந்தப் பலகையில் காலை நீட்டி உட்கார்ந்துதான் வெற்றிலை அடுக்கினாள். முக்காலி கடைக்கு வந்துவிட்டது. இப்போது அதில் வாடிக்கைக்காரர்கள் உட்காருகிறார்கள்.