பேயாண்டி அடுக்கிய மீன் சாடிகள்

கல்லூரியில் எனக்கு மணியடிக்கிற வேலை. விலங்கியல் அறைப் பியூன் பேயாண்டி எனக்குத் தம்பி போல. அவனியாபுரத்துக்காரன், மாட்டுத் தரகர் மகன். எந்த உயிரைக் கண்டாலும் முதலில் வாயைப் பார்ப்பது அவன் பழக்கம். கோரிப்பாளையத்தில் குதிரை வண்டி பிடித்தால்கூட, குதிரையின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பான். "கிழடுண்ணே, பாவம். நடந்தே போயிருவோம்" என்பான். வண்டிக்காரன் சாட்டையைத் தூக்குவான்.

அது 1936, ஆயுத பூசைக்கு முதல் நாள். அவன் அறையில் மீன் அலமாரியில் பதினாறு கண்ணாடிச் சாடிகள். மருந்துத் தண்ணீருக்குள் மீன், வெளியே இங்கிலீஷில் பெயர்ச்சீட்டு. எங்கள் இருவருக்கும் இங்கிலீஷ் வாசிக்க வராது. "இதுகளும் படிப்புச் சொல்லுற சாமான்தானேப்பா, கழுவிப் பொட்டு வையி" என்று சொன்னது நான்தான். மீனாட்சி அம்மன் கோயில் குங்குமம் கொண்டுபோனதும் நான்தான்.

பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி தேய்த்துக் கழுவினான். முடித்துப் பார்த்தால், சீட்டெல்லாம் வாளித் தண்ணீரில் மிதக்கிறது.

விடுமுறை முடிந்த அன்றே பரீட்சை நடத்தச் சென்னையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். முந்தின மாதம் அவன் கையில் ஒரு சாடி உடைந்ததற்கே, இன்னொரு தப்பு நடந்தால் வேலை இல்லை என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அவனுக்கு நாலு பெண்பிள்ளைகள்.

"குத்துமதிப்பா ஒட்டிருவோமா?" என்றேன்.

"வேணாண்ணே. பேரு மாறிட்டா பிள்ளைக தப்பாப் படிக்கும். பேரைப் புரொபசர் ஐயா வந்து ஒட்டட்டும். நாம இனம் பாத்து அடுக்கிருவோம்."

பாம்பு போல நீண்ட மீன்கள் மூன்று இருந்தன. "மூணையும் ஒண்ணா வையி" என்றேன்.

ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். "இது நம்ம கண்மாய் விலாங்கு. மேல்தாடை, கீழ்த்தாடை ரெண்டும் இருக்கு. கெண்டையோட சேரும். சீமையிலருந்து வந்த இந்த ரெண்டையும் பாருங்க. ஒண்ணுக்கு வட்ட வாய், சுத்திப் பல்லு. இன்னொண்ணுக்கு வாயோரம் மீசை. ரெண்டுக்கும் தாடையே இல்லண்ணே."

"மீசை இருக்கு, தாடை இல்லியா? நம்ம ஹெட் கிளார்க்குதான்."

அத்தனை பயத்திலும் சிரித்துவிட்டான். அந்த இரண்டையும் மேல்தட்டில் தனியாக வைத்தான். மற்றதெல்லாம் கீழே.

விடுமுறை முடிந்து காலையில் புரொபசர் சிவசங்கரன் வந்ததும், காயவைத்த சீட்டுகளைத் தட்டோடு நீட்டினான். "தப்புப் பண்ணிட்டேங்கய்யா."

"சொன்னது நானுங்க" என்றேன் நான்.

அவர் எங்களைப் பார்க்கவில்லை. அலமாரியையே பார்த்தார். "விலாங்கை ஏண்டா கீழே வச்சே?"

"அதுக்குத் தாடை இருக்குங்கய்யா. மேல உள்ளதுக்கு இல்லீங்க."

"தாடை இல்லாதது தனி வகுப்புன்னு மூணு வாரம் தொண்டை கிழியக் கத்தறேன். போன பரீட்சையிலே பாதிப்பேர் விலாங்கைக் கொண்டுபோய் அதுகளோட சேர்த்துட்டான்!" என்று சிரித்தவர், "பசை கொண்டா" என்றார்.

சென்னைக்காரர்கள் வருவதற்குள் பதினாறையும் தன் கையாலேயே ஒட்டினார். ஆபீசுக்கு அந்தப் பேச்சு போகவே இல்லை. அம்மன் புண்ணியம்.

அடுத்த வருஷம் பூசைக்குப் பேயாண்டி ஈரத்துணியைத் தொடவில்லை. மூடியில் மட்டும் பொட்டு வைத்தான். முதல் பொட்டு மேல்தட்டு இரண்டுக்கும். அங்கே கொஞ்சம் சுண்டலும் வைத்தான்.

"தாடை இல்லாததுக்குச் சுண்டலா?" என்றேன்.

"அது நமக்குண்ணே" என்று எடுத்து என் கையில் கொடுத்தான்.