பந்தல்காரருக்கும் ஒரு பொன்னாடை

போன வருடம் தை மாதம், காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது இது. பெண்பிள்ளைகளின் கால்பந்துப் போட்டி. ஜெயித்த அணிக்கு என் மகள்தான் துணைப் பயிற்சியாளர். ஒரு காலத்தில் அவளே முன்னால் நின்று கோல் அடிக்கிற ஸ்ட்ரைக்கராக மாவட்டத்துக்கு ஆடியவள். முழங்கால் ஜவ்வு கிழிந்தபிறகு விசிலைக் கையில் எடுத்தாள். தினமும் விடிகாலையில் அந்தப் பிள்ளைகளை ஓடவிடுகிறவள் அவள். தலைமைப் பயிற்சியாளர் வாரத்துக்கு ஒரு நாள் காரில் வந்து இறங்குவார், அவ்வளவுதான்.

மகள் ஜெயித்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டம்மா வந்து சொன்னதும், பரிசு கொடுக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மைக்கில் பெயர் வாசித்துப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். தலைமைப் பயிற்சியாளருக்கு, சாப்பாடு போட்டவருக்கு, கடைசியில் பந்தல்காரருக்கு. என் மகளைக் கூப்பிடவே இல்லை. அவள் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், அடிபட்ட ஒரு பிள்ளையின் காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கம் கோயிலில் ஒரு வீட்டுக்குப் பரிவட்டம் கட்டாமல் விட்டால், அண்ணன் தம்பிகூடப் பேச்சை முறித்துக்கொள்வார்கள். எனக்கும் அந்த ரத்தம்தானே. நேரே மேடையேறி மைக்கை மறித்தேன்.

"பந்தக்காரருக்கு உண்டு, பாடுபட்டவளுக்கு இல்லையா? எந்த ஊரு முறைய்யா இது?"

மைக் பிடித்திருந்தவர், "ஏம்மா சத்தம் போடுறீக? அசிஸ்டென்ட் கோச்செல்லாம் லிஸ்ட்டுல இல்ல. செத்த அங்குட்டுப் போயி உக்காருங்க" என்றார்.

தலைமைப் பயிற்சியாளர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் தோளில் கிடந்த பொன்னாடையை ஒரே இழுப்பாக உருவிக்கொண்டு மகளிடம் நடந்தேன்.

அவளுக்குப் போர்த்தப் போனேன். என் கையைத் தள்ளிவிட்டாள். பிள்ளையின் காலைவிட்டுக் கண்ணை எடுக்காமல், மெதுவாகத்தான் சொன்னாள்.

"பதினோரு வருசம் ஆடுனேன் ஆத்தா. ஒரு நாளு வந்து பாத்தியா? துண்டு குடுக்குற அன்னைக்கு மட்டும் வந்துட்ட. கொண்டுபோயிக் குடுத்துட்டு வா. நாளைக்கும் எனக்கு இங்கதான் வேலை."

அத்தனை பேர் பார்க்கத் திரும்ப நடந்தேன். பொன்னாடையை அந்த மனிதரின் கையில் கொடுத்தேன். போர்த்தவில்லை.

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பெண்பிள்ளை அரைக்கால் சட்டையோடு ஓடுவதைப் பார்க்கமாட்டேன் என்று வீம்பாக வீட்டில் இருந்தவள் நான். முழங்கால் போய் ஆஸ்பத்திரியில் கிடந்தவளிடம், "நல்லதாப் போச்சு, இனியாச்சும் வீட்டுல கெட" என்று சொன்னதும் இந்த வாய்தான்.

மேடையில் இருந்தவர்கள் மேல் எனக்குள்ள கோபம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஆனால் அவர்களுக்கு முன்பே அவளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டவள் மேல் வருகிற கோபத்துக்கு, எந்த மேடையில் ஏறி எந்த மைக்கை மறிப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.