தளிக் குளிரில் காலியாக நின்ற பொறிகள்

ஓசூரில் மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் எனக்கு வேலை. பெண் அந்துப்பூச்சி ஆண் பூச்சியைக் கூப்பிட விடும் வாசனையை எங்கள் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்வார்கள். அதை விரல் நுனி அளவு ரப்பர் குப்பிகளில் ஏற்றி, பைகளில் அடைத்து ஒட்டுவது எங்கள் பிரிவு. லூர் என்று நாங்கள் சொல்வோம். வாங்கிப்போகும் விவசாயிகள் மருந்து என்பார்கள். தோட்டத்தில் தண்ணீர்த் தட்டுக்கு மேல் அதைக் கட்டிவிட்டால், வாசனையைத் தேடி வரும் ஆண் பூச்சி தண்ணீரில் விழுந்து சாகும். அதுதான் பொறி. நம் மூக்குக்கு அதில் ரப்பர் வாடை தவிர ஒன்றும் தெரியாது.

அங்கே சேர்ந்த நாளிலிருந்து எனக்கு வெயில் என்றால் பயம். கரன்ட் போனால் முதலில் ஃப்ரீசரைத்தான் ஓடிப்போய்ப் பார்ப்போம். சூடு பட்டால் குப்பியிலிருக்கும் வாசனை காற்றோடு போய்விடும், வாங்குகிறவன் கையில் வெறும் ரப்பர்தான் மிஞ்சும் என்று ஆய்வுக்கூடத்து சார் சொல்லிக்கொண்டே இருப்பார். குளிரைப் பற்றி யாரும் என்னைப் பயமுறுத்தியதில்லை.

ஓசூர் உழவர் சந்தையில் நான் வழக்கமாகத் தக்காளி வாங்கும் அக்கா ஒருவர் உண்டு. தளியிலிருந்து வருகிறவர். வீட்டில் கன்னடம், வியாபாரத்துக்குத் தமிழ், லாரிக்காரரிடம் தெலுங்கு. முந்தைய போகத்தில் ஊசிப்புழு விழுந்து பாதிக் காய் ஓட்டையாகிவிட்டது என்று அவர் புலம்பியபோது, பொறி வைத்துப் பாருங்கள் என்று சொன்னது நான்தான். எங்கள் யூனிட்டிலேயே வாங்கிக் கொடுத்து, எந்த உயரத்தில் கட்ட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குல்லா, ஸ்வெட்டரோடு சந்தையில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"உன் பொறி நல்லா வேலை செய்யுதும்மா. ஒரு பூச்சி கூட இல்ல. அதான் எங்க வீட்டுக்காரரு மருந்தடிக்கிறதையே நிறுத்திட்டாரு."

"ஒண்ணு கூட விழலையாக்கா?"

"ஒண்ணு கூட இல்ல. இப்ப எங்க ஊர்ல சளி ஜாஸ்தி பாரு."

ஆவி பிடியுங்கள், மாத்திரை போடுங்கள் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கன்னடத்தில் சளி என்றால் குளிராம். "எனக்கு இல்லம்மா, ஊருக்கு!" என்றார்.

நானும் சிரித்தேன். ஆனால் தக்காளிப் பையைத் தூக்கிக்கொண்டு மத்திகிரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவர் சொன்னதைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். பக்கத்துத் தோட்டங்களில் புழு இருப்பதாக அவரே முன்பு சொல்லியிருந்தார். இவர்கள் தோட்டத்தில் மட்டும் எப்படி ஒன்றுகூட இல்லாமல் போகும்? நாங்கள் அடைத்த பையில் ஏதாவது கோளாறா? மருந்து ஏறாத வெறும் குப்பி போய்விட்டதா?

மறுநாள் ஆய்வுக்கூடத்து சாரிடம் கேட்டேன். அதே தொகுதியில் மீந்திருந்த குப்பிகளைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"மருந்து சரியாத்தான் இருக்கு. தளியில இப்ப விடியகாலம் எப்படி இருக்கும்னு நெனைக்கிற? வெயில்ல ரப்பர் வாசனைய வேகமா விடும். குளிர்ல அது இறுகிப்போய் உள்ளேயே பிடிச்சு வச்சுக்கும். இந்த ஆண் பூச்சி ஜோடி தேடிப் பறக்குறதே விடியுற நேரத்துலதான். நாளிலயே குளிரான நேரம் அது. பூச்சியும் அப்ப சோம்பிக் கிடக்கும்."

"அப்போ பொறி காலியா இருந்தா பூச்சி இல்லன்னு அர்த்தம் இல்லையா சார்?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பொறிய மட்டும் நம்பக்கூடாது. செடியப் பாக்கச் சொல்லு."

அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்தேன். எடுத்தது அவர் வீட்டுக்காரர். "எல்லாம் சுத்தமா இருக்குதும்மா. நீ எதுக்குப் பயப்படுற?" என்று வைத்துவிட்டார். அந்த வாரம் குப்பி அடைக்கும்போதெல்லாம் என் நினைப்பு அவர்கள் தோட்டத்தில்தான் இருந்தது. என் பேச்சைக் கேட்டுப் பொறி வைத்தவர்கள், அது காலியாக இருப்பதைப் பார்த்தே மருந்தடிப்பதை நிறுத்தியிருக்கிறார்கள். வீட்டில் என் கணவரிடம் சொன்னால், "நீ மருந்து விக்கிற கம்பெனியில வேலை பாக்குற, விவசாயம் அவங்க பாத்துப்பாங்க" என்றார்.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் புதிய குப்பிகளை வாங்கிக்கொண்டு தளி பஸ் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. மூச்சு விட்டால் புகை வந்தது.

"ராத்திரிக்கு இங்கயே தங்கிடு, பஸ்ஸு கெடைக்காது" என்றார் அக்கா. அவர் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார். கம்பெனியிலிருந்து எதையோ விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கலாம்.

"அக்கா, விடியற நேரத்துல இங்க கொஞ்சம் கதகதப்பா இருக்குற எடம் எது?"

அக்கா யோசிக்கவே இல்லை. "மாட்டுக் கொட்டாய்தான். நாலு மாடு மூச்சு விடுதே. எங்க நாய் கூட அங்கதான் படுக்கும்."

கொட்டாய் தக்காளி வரப்பை ஒட்டியே இருந்தது. மூலையில் பழைய தக்காளிக் கிரேட்டுகள் அடுக்கியிருந்தன. மாட்டுக்கு எட்டாத உயரத்தில், விட்டத்தில் ஒரு தட்டைக் கட்டித் தண்ணீர் ஊற்றி, மேலே புதுக் குப்பியைத் தொங்கவிட்டோம். தோட்டத்துப் பொறி ஒன்றிலும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினேன். இரண்டும் ஒரே பையிலிருந்து எடுத்தவை.

அக்கா போர்த்திவிட்ட கம்பளிக்குள் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒன்றும் விழாவிட்டால் நல்லதா, விழுந்தால் நல்லதா என்றே எனக்குப் புரியவில்லை. விழாவிட்டால் தோட்டம் தப்பித்ததென்று அர்த்தமா, என் சோதனை தோற்றதென்று அர்த்தமா?

வெளுத்ததும் எழுந்து முதலில் தோட்டத்துக்குப் போனேன். தட்டுத் தண்ணீர் பனிக்கட்டி போல் சில்லிட்டிருந்தது. ஒரு பூச்சி இல்லை. பின்னாலேயே அக்கா கொட்டாயிலிருந்து கத்தினார்.

"ஏம்மா, இங்க வா! சீக்கிரம் வா!"

தட்டில் சாம்பல் நிறத்தில், எள்ளை விடக் கொஞ்சம் பெரிதாக, சிறகு நனைந்த பூச்சிகள் மிதந்தன. கூட்டமாக இல்லை. ஆனால் இருந்தன. அண்ணன் ஒன்றை விரலில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேராக வரப்பில் இறங்கி அடி இலைகளைப் புரட்டினார். நாங்களும் புரட்டினோம். வரிசையின் நடுவில், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடையே புழு தின்ற வெள்ளைத் திட்டுகள் இருந்தன. ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே பச்சையாக ஒரு புழு நெளிந்தது.

"நான் நேத்துதான் இந்தப் பக்கம் நடந்தேன்" என்றார் அண்ணன்.

அந்த ஞாயிறு முழுவதும் மூவரும் அடி இலைகளைக் கிள்ளிச் சாக்கில் போட்டோம். சாக்கைக் கட்டி வெயிலில் வைத்தோம். பூச்சிக்கூடு ஒட்டியிருக்கலாம் என்று பழைய கிரேட்டுகளை வெளியே இழுத்துக் கழுவினோம். மாலையில் அண்ணன் வேப்பெண்ணெய் கலந்து அடித்தார். நான் ஊர் திரும்பும்போது விரல்களிலெல்லாம் தக்காளிக் கறை பச்சையாக ஒட்டியிருந்தது.

அதோடு கவலை தீர்ந்துவிடவில்லை. மாசியில் பனி விலகி வெயில் ஏறியது. ஒரு காலையில் அக்காவின் போன். பின்னால் அண்ணன் சத்தம் போடுவது கேட்டது.

"தட்டு பூரா பூச்சிம்மா. தண்ணியே தெரியல. உன் மருந்துதான் ஊர்ல இருக்குற பூச்சியெல்லாம் இழுத்துக்கினு வருதுன்னு இவரு கத்துறாரு. புடுங்கிப் போட்டுடலாமா?"

"கொஞ்சம் பொறுங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன். சார் நிதானமாகச் சொன்னார். சூடு ஏறியதும் ரப்பர் வாசனையை அள்ளி விடுகிறது, பூச்சியும் நன்றாகப் பறக்கிறது. அதனால் திடீரென்று குவிந்ததுபோல் தெரியும். நேற்றுவரை மறைந்திருந்ததும் அதில் சேர்த்தி. பொறியில் விழுவதெல்லாம் ஆண் பூச்சிதான், முட்டையிடுவது பெண். பொறியைப் பிடுங்கினால் பூச்சி போய்விடாது. இலையில் புதுத் திட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். போனைக் காதில் வைத்தபடியே அவர் வரிசை வரிசையாக நடப்பது கேட்டது. செருப்புச் சத்தம், இலை உரசும் சத்தம், நடுவில் அண்ணனோடு கன்னடத்தில் ஏதோ வாக்குவாதம். கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார்.

"அடியில பழைய திட்டுதான் இருக்குது" என்றார் அக்கா கடைசியில். "கொழுந்துல அங்கொண்ணு இங்கொண்ணு. நெறைய இல்ல."

"அப்போ அந்த இலையைக் கிள்ளிடுங்க. பொறி இருக்கட்டும். வெயில் ஏறிடுச்சு, மருந்து சீக்கிரம் காலியாயிடும். புதுசு கொண்டு வர்றேன்."

அண்ணன் போனை வாங்கினார். "எத்தனை நாளைக்குத் தாங்கும்னு சரியா சொல்லு."

"வெயிலப் பொறுத்துண்ணா. குளிர்ல நின்ன மாதிரி நிக்காது."

"எல்லாத்துக்கும் வெயிலப் பொறுத்து, சளியப் பொறுத்துன்னா நாங்க எதத்தான் நம்புறது?"

உங்களைப் போலவே எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். பிறகு, "சரி, கொண்டாம்மா" என்றார்.

அந்தப் போகத்தில் அடிக்கொத்துக் காய்களில் நிறைய ஓட்டை விழுந்து, பொறுக்கிக் குழியில் கொட்ட வேண்டியிருந்தது. மேல்கொத்துகள் தேறின. பறிப்பு முடிந்ததும் செடிகளைப் பிடுங்கி எரித்தார்கள். அன்று நானும் போயிருந்தேன். புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, அண்ணன் அடுத்து பீன்ஸ் போடப் போவதாகச் சொன்னார்.

"பீன்ஸுல வர்ற புழுவுக்கும் உங்க கம்பெனியில மருந்து இருக்குதா?"

தெரியவில்லை, திங்கட்கிழமை கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.